பெட்டியில போட்ட 1200 மடங்க நம்பாதீங்க: நாங்க வாங்குன மைக்ராஸ்கோப்பு, ஆறு மாசம் பொழங்குனப்புறம்

வாங்கி ஆறு மாசம் ஆச்சு. வாங்குன அன்னைக்கே எழுதியிருந்தா சூப்பரா இருக்குன்னு நாலு வரி போட்டுட்டு போயிருப்பேன், ஆனா ஒரு பொருள தினமும் எடுத்து பொழங்கி, தூசி தட்டி, மழைக்காலத்துல ஒரு தடவ பூஞ்சை புடிச்சு பயந்து, அப்புறம்தான் அது என்ன பொருள்னு தெரியுது. அதனால இப்ப எழுதறேன், கொஞ்சம் நீளமாதான் இருக்கும்.

எங்களுக்கு பாலக்கோடு பக்கம் கிராமம். ஒன்றரை ஏக்கர் மல்பெரி, ஒரு பட்டுப்புழு ஷெட்டு, மிச்சத்துல தக்காளி, மானாவாரில கேவுரு. பாப்பா பதினொண்ணாவது, பயாலஜி குரூப்பு. வாங்குனது ஸ்டூடண்ட் காம்பவுண்டு மைக்ராஸ்கோப்பு, ஒத்தைக்கண்ணு மாடல், இரும்பு பாடி, ஹரியானால அம்பாலால செஞ்சது (ஸ்கூல் லேபு சாமான்ல பாதி அந்த ஊருலருந்துதான் வருதாம்). தருமபுரி நாலு ரோட்டுலருந்து கொஞ்சம் தள்ளி ஸ்கூல் லேபுகளுக்கு சப்ளை பண்ற ஒரு சின்ன கடை, அங்க 4,600 ரூபா குடுத்தோம். ஸ்லைடு (பாக்கற சாமான வைக்கற கண்ணாடித்துண்டு) ஒரு டப்பா, கவர்ஸ்லிப்பு (அதுமேல மூடற மெல்லிசு கண்ணாடி) ஒரு டப்பா, லென்சு தொடைக்கற பேப்பர் எல்லாம் அதுலயே.

இதுக்கு முன்னாடி ஒண்ணு வாங்கி ஏமாந்தோம், அத சொல்லாம இத சொல்ல முடியாது. ஆன்லைன்ல 1,899 ரூபா, பிளாஸ்டிக்கு, பெட்டி மேல பெருசா "1200 மடங்கு"ன்னு போட்டு ஒரு பையன் கண்ண வச்சு பாக்கற போட்டோ. வந்து பாத்தா உள்ள ஒரு குண்டூசி தலை அளவு பல்பு, லென்சும் பிளாஸ்டிக்கு. வெங்காயத்தோல வச்சா மஞ்ச கலர்ல ஒரு மூட்டம் தெரியுது, சுத்தி வானவில்லு மாதிரி ஓரம், அவ்ளோதான். பாப்பா ஒரு வாரம் தினமும் சாயங்காலம் உக்காந்து திருகிட்டே இருந்தா. கடைசியில "எனக்குத்தாம்மா பாக்க தெரியல"ன்னு சொல்லிட்டு எடுத்து உள்ள வச்சிட்டா. அந்த வார்த்தைதான் எனக்கு தாங்கல. ஏன்னா அதே வார்த்தைய நானும் சொல்லியிருக்கேன். நான் படிச்ச ஸ்கூல்ல ஒரே மைக்ராஸ்கோப்பு, நாப்பது பேரு வரிசை, ஆளுக்கு பத்து எண்ணறதுக்குள்ள நகந்துடணும். நான் பாத்தது கருப்பா ரெண்டு கோடு, அது என்னோட இமை முடின்னு இருவது வருசம் கழிச்சு இப்பதான் தெரியுது. பரிட்சையில மட்டும் செல்லு படம் வரைஞ்சு பாகம் குறிச்சு முழு மார்க்கு வாங்குனேன்.

சரி, கடைக்கு வரேன். கடைக்காரர் வயசானவரு. நான் போனதும் எத்தன மடங்கு காட்டும்னுதான் கேட்டேன். அவரு பதிலே சொல்லாம ஒரு லென்ச கழட்டி கையில குடுத்து, "பெட்டிய விடுங்கம்மா, இதுமேல என்ன எழுதியிருக்குன்னு படிங்க"ன்னாரு. 40/0.65, அதுக்கு கீழ 160/0.17. நாப்பதுங்கறது அந்த லென்சு பெருசாக்கறது. மேல கண்ணு வைக்கற லென்சு பத்து, ரெண்டையும் பெருக்குனா 400 மடங்கு. 160ங்கறது குழாயோட நீளம், மில்லிமீட்டர்ல. 0.17 நாம மேல மூடற கவர்ஸ்லிப்போட கனம், அந்த கனத்துக்குத்தான் லென்ச கணக்கு பண்ணி செஞ்சிருக்காங்க, அதனால கவர்ஸ்லிப்பு போடாம பாத்தா கலங்கலாத்தான் தெரியும். இதுல உசுரான நம்பர் அந்த 0.65. லென்சு எவ்ளோ அகலமா வெளிச்சத்த அள்ளி உள்ள வாங்குதுங்கறத சொல்ற நம்பர், என்.ஏ.ன்னு பேரு. அத ஆயிரத்தால பெருக்குங்க, 650 வருதா, அந்த லென்சுல அதுக்கு மேல எவ்ளோ பெருசாக்குனாலும் புதுசா ஒண்ணும் தெரியாது, தெரியற மங்கல்தான் இன்னும் பெரிய மங்கலாகும். 1873லயே ஜெர்மனில எர்ன்ஸ்ட் அபேங்கறவரு இதுக்கு கணக்கு போட்டு வச்சிட்டாரு, வெளிச்சத்தோட அலைநீளம்தான் எல்லைன்னு, எவ்ளோ நல்ல லென்சு போட்டாலும் சாதா வெளிச்சத்துல கால் மைக்ரானுக்கு கிட்ட நெருக்கமா இருக்கற ரெண்டு புள்ளி ஒண்ணாத்தான் தெரியும். ஒரு மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர ஆயிரமா பிரிச்சதுல ஒண்ணு. அந்த பிளாஸ்டிக் டப்பால லென்சு மேல எதுவுமே எழுதல, வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா அத எடுத்து பாத்தேன்.

பாடி நல்ல கனம், மேஜைய ஆட்டுனாலும் ஆடாது. 4, 10, 40னு மூணு லென்சு சுத்தற வட்டுல இருக்கு, நூறாம் நம்பர் ஆயில் லென்சு (ஸ்லைடு மேல ஒரு சொட்டு எண்ணெய் விட்டு பாக்கறது) இதுல இல்ல, வேணும்னா தனியா வாங்கி மாட்டிக்கலாம்னாரு, நாங்க வாங்கல, மொதல்ல 400 மடங்க முழுசா பாத்து முடிப்போம். வெளிச்சத்துக்கு கீழ கண்ணாடியும் இருக்கு, அத கழட்டிட்டு எல்இடியும் மாட்டலாம். எங்க ஊருல கரண்டு போறதும் வரதும் தெரிஞ்சதுதான, அதனால கண்ணாடி இருக்கறது பெரிய வசதி, பகல்ல ஜன்னல் பக்கம் வச்சா போதும். ஒரே ஒரு விசயம், வெயிலு நேரா கண்ணாடில விழற மாதிரி வச்சிடாதீங்க, கண்ணு போயிடும், வானத்தோட வெளிச்சம்தான் வேணும். ஸ்லைடு வைக்கற மேடைக்கு கீழ ஒரு சின்ன நெம்புகோலு இருக்கு, அத தள்ளுனா ஓட்டை சுருங்கும் விரியும். இது என்னத்துக்குன்னு மொத பத்து நாளு எங்களுக்கு தெரியல, முழுசா தொறந்து வச்சு பாத்துட்டு ஒண்ணும் தெரியலயேன்னு இருந்தோம். சாயம் போடாத சாமானுக்கு அத பாதிக்கு மேல மூடணும், மூடுனதும் கண்ணாடி மாதிரி இருந்ததுக்கெல்லாம் ஓரம் வந்து நிக்கும்.

மொத நாளு பேப்பர்லருந்து "ட" எழுத்த வெட்டி ஒட்டி வச்சோம். தலைகீழா, இடம் வலம் மாறி, ஏழு மாதிரி தெரிஞ்சுது. ஸ்லைட வலது பக்கம் தள்ளுனா படம் இடது பக்கம் ஓடுது. கைக்கு இது பழகறதுக்கு ரெண்டு நாளு ஆகும், புள்ளைங்களுக்கு ஒரு மணி நேரம் போதும். எங்க மாமியாரும் பாத்தாங்க, எழுத்த சுத்தி பேப்பர் நாரு நாரா கெடக்கறத பாத்துட்டு, "இதென்ன பஞ்சு மூட்டை மாதிரி இருக்குது"ன்னாங்க, அது நாருதான், மரக்கூழு நாரு.

வெங்காயம்தான் ஆரம்பிக்க சரியான சாமான். உள்பக்கம் இருக்கற சவ்வு மாதிரி தோலு, நகத்தால உரிச்சு, மடிப்பு விழாம ஒரு சொட்டு தண்ணில பரப்பி, மெடிக்கல்ல வாங்குன டிங்சர் அயோடின்ல தண்ணி கலந்து ஒரு சொட்டு. கவர்ஸ்லிப்ப பொத்துன்னு மேல வைக்காதீங்க, ஒரு ஓரத்த தண்ணில தொட்டுட்டு சாய்ச்சு ஊசியால மெதுவா எறக்கணும், இல்லாட்டி காத்துக்குமிழி மாட்டிக்கும். இந்த குமிழிதான் புதுசா பாக்கற எல்லாரையும் ஏமாத்தும், நல்ல வட்டமா கெட்டியா கருப்பு ஓரத்தோட அழகா தெரியும், அதுதான் செல்லுன்னு நெனச்சு நோட்டுல வரைஞ்சிடுவாங்க. பாப்பாவும் ஒரு பக்கம் வரைஞ்சிருந்தா. நெஜமான வெங்காய செல்லு செங்கல் சுவரு மாதிரி இருக்கும், நீட்டு நீட்டா, அடுக்கி வச்ச மாதிரி, ஒவ்வொண்ணுலயும் ஓரமா மஞ்சளாவோ பழுப்பாவோ ஒரு உருண்டை, அதுதான் உட்கரு. 1831ல ராபர்ட் பிரவுன் இதுக்கு பேரு வச்சாரு, ஆர்க்கிடு செடியோட தோலுல பாத்துட்டு. எங்க வெங்காயத்துல ஒரு செல்லுல உட்கருவுக்கு உள்ளயே இன்னும் சின்னதா ரெண்டு புள்ளி தெரிஞ்சுது 400ல, நியூக்ளியோலஸ், அத பாத்த அன்னைக்கு பாப்பா சாப்பாட்டுக்கு கூப்புட கூப்புட வரல.

செல்லு எவ்ளோ பெருசுன்னு அளக்கறதுக்கும் தனியா காசு செலவு பண்ண வேணாம். பிளாஸ்டிக் ஸ்கேல நாலாம் நம்பர் லென்சுக்கு கீழ வச்சோம், வட்டத்துக்குள்ள நாலரை மில்லிமீட்டர் தெரிஞ்சுது. அப்ப நாப்பதாம் நம்பர்ல அதுல பத்துல ஒரு பங்கு, 0.45 மில்லிமீட்டர், அதாவது 450 மைக்ரான். இது தெரிஞ்சுட்டா எதையும் அளந்துடலாம், வட்டத்துக்கு குறுக்க எத்தன நிக்குதுன்னு எண்ணி வகுக்க வேண்டியதுதான். கன்னத்து உள்பக்கம் பல்குச்சியோட மொனையில்லாத பக்கத்தால லேசா சுரண்டி, நீல சாயம் ஒரு சொட்டு போட்டு பாத்தோம் (மெத்திலீன் ப்ளூ, மீன் தொட்டி சாமான் விக்கற கடையிலயே கெடைக்குது, லேபு கடைக்கு போகணும்னு இல்ல). ஏழு செல்லு குறுக்க நின்னுது, ஒண்ணு அறுவது மைக்ரான் சொச்சம். வெங்காயத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் புக்குல அட்டவணை போட்டு மனப்பாடம் பண்ண சொல்லுவாங்க, செல் சுவர் உண்டு, செல் சுவர் இல்லைன்னு. ஸ்லைடுல பாத்தா அட்டவணையே வேணாம், கன்னத்து செல்லு கசக்கி போட்ட பேப்பர் மாதிரி மடிஞ்சு ஒண்ணுமேல ஒண்ணு ஏறி கெடக்குது, சுவரு இருந்தா மடியுமா.

செல்லுங்கற பேரு வந்த கதைய பாப்பாதான் சொன்னா. 1665ல லண்டன்ல ராபர்ட் ஹூக் தக்கைய மெல்லிசா சீவி பாத்திருக்காரு, குட்டி குட்டி ரூமு மாதிரி இருந்துச்சாம், அதனால செல்லு. அவரு பாத்தது செத்துப்போன செடியோட வெறும் சுவருதான். உசுரோட நீந்தறத பாத்தவரு ஹாலந்துல லேவன்ஹூக்குன்னு ஒருத்தரு, அவரு படிச்ச விஞ்ஞானி கெடையாது, டெல்ஃப்ட்டுங்கற ஊருல துணி யாவாரம் பண்ணவரு, துணியோட நூல லென்சு வச்சு பாத்து தரம் பாக்கற தொழிலு. தானே தேய்ச்சு செஞ்ச ஒத்த லென்சு, அதுல இன்னைக்கும் மிச்சம் இருக்கறதுல நல்லது 270 மடங்கு கிட்ட காட்டுது, அத வச்சுதான் கொளத்து தண்ணில குட்டி உசுருங்களயும், 1683ல பல்லு அழுக்குல பாக்டீரியாவையும் பாத்து எழுதிட்டாரு. அவருக்கு 270 போதுமா இருந்துச்சு. நூல பாத்து தரம் சொல்றவங்க எங்க ஊரு பட்டுக்கூடு மார்க்கெட்டுலயும் இருக்காங்க, எனக்கு அவர ரொம்ப நெருக்கமா தோணுச்சு.

பாக்டீரியா எங்களுக்கு தெரியுமா? தெரியும், ஆனா கண்டிசனோட. தயிர தண்ணில நல்லா கலக்கி மெல்லிசா தேய்ச்சு, காயவச்சு, நீல சாயம் போட்டு கழுவி 400ல பாத்தா பொடி பொடியா குச்சியும், மணி கோத்த மாதிரி வரிசையும் தெரியுது. அவ்ளோதான் தெரியும், உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. ஒவ்வொண்ணும் ஒரு மைக்ரானுக்கு கிட்டதான் அகலம், கன்னத்து செல்லுக்கு பக்கத்துல வச்சா வீட்டுக்கு பக்கத்துல கோழிக்குஞ்சு நிக்கற மாதிரி. அதுக்குள்ள உட்கருன்னு தனியா ஒரு அறையே கெடையாது, டிஎன்ஏ சும்மா சுருண்டு நடுவுல கெடக்கும், அதனாலதான் புரோகேரியோட்டுன்னு தனி வகையா வச்சிருக்காங்க, நாம, வெங்காயம், காளான், ஈஸ்ட்டு எல்லாம் ஒரு கட்சி, அதுங்க ஒரு கட்சி. தயிர தெளிவா பாக்கணும்னா நூறாம் நம்பர் ஆயில் லென்சு வேணும், இந்த மைக்ராஸ்கோப்போட எல்லை அதுதான்.

தக்காளி பாருங்க, கட்டாயம் பாருங்க. விலை இல்லாம கிலோ அஞ்சு ரூபாய்க்கு கேட்டப்ப ரோட்டோரம் கொட்டிட்டு வந்தவங்க நாங்க, அந்த தக்காளியோட சதைய ஊசி மொனையில எடுத்து நசுக்கி பாத்தா பலூன் மாதிரி பெரிய பெரிய செல்லு, உள்ள செவப்பு பொடி பொடியா மின்னுது. அதே செடியில காய எடுத்து பாத்தா அங்க பச்சை பொடி, பசுங்கணிகம். பழுக்க பழுக்க அந்த பச்சைதான் உருமாறி செவப்பாகுது. காய், செங்காய், பழம்னு மூணு ஸ்லைடு போட்டு வரிசையா பாத்தோம், செங்காயில ரெண்டும் கலந்து கெடந்துச்சு.

எலைக்கு சாயம் வேணாம், நகப்பாலிசு போதும். எலையோட அடிப்பக்கம் தடவி, காய்ஞ்சதும் செல்லோடேப்பால உரிச்சு ஸ்லைடுல ஒட்டிடலாம், எலைத்துளை (எலை மூச்சு விடற ஓட்டை) அச்சு அப்படியே வந்துடும். தக்காளி எலையில துளைக்கு ரெண்டு பக்கமும் நிக்கற காப்புச் செல்லு ரெண்டு மொச்சக்கொட்டைய எதிரெதிரா வச்ச மாதிரி, எங்க பாத்தாலும் கெடக்குது. கேவுரு எலையில வரிசை புடிச்சு நிக்குது, செல்லும் நடுவுல ஒடுங்கி ரெண்டு பக்கம் உருண்டையா, உடற்பயிற்சி பண்ற டம்பெல்லு மாதிரி. புல்லு வகை எல்லாத்துக்கும் அப்படித்தானாம். பாப்பா பரிட்சைக்கு எழுதறப்ப நெல்லுக்கு பதிலா கேவுருன்னே உதாரணம் போட்டுட்டு வந்திருக்கா.

இப்ப நான் எதுக்காக இவ்ளோ எழுதறேனோ அதுக்கு வரேன். நாங்க பதிமூணு வருசமா புழு வளக்கறோம். ஒவ்வொரு தடவையும் நூறு முட்டைத்தொகுதி வாங்கறப்ப டிஎஃப்எல், டிஎஃப்எல்னு சொல்லுவோம், நோயில்லாத முட்டைன்னு அர்த்தம் தெரியும், யாரு எப்படி நோயில்லன்னு சொன்னாங்கன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. மைக்ராஸ்கோப்பு வந்தப்புறம் பாப்பா கேட்டா. விசாரிச்சா, முட்டை போட்ட தாய் அந்துப்பூச்சிய நசுக்கி மைக்ராஸ்கோப்புல பாக்கறாங்க. பெப்ரின்னு ஒரு நோயி, தாய்கிட்டருந்து முட்டை வழியாவே புழுவுக்கு வரும், வந்தா ஷெட்டு மொத்தமும் போச்சு. தாய்ப்பூச்சில அந்த நோயோட விதை மாதிரி ஒண்ணு, நீள்வட்டமா பளபளன்னு, மூணு நாலு மைக்ரான்தான் இருக்கும், அது தெரிஞ்சா அந்த முட்டைய எரிச்சிடுவாங்க. இந்த முறைய கண்டுபுடிச்சது லூயி பாஸ்டர், வெறிநாய் கடிக்கு ஊசி கண்டுபுடிச்சாரே அவருதான். 1865ல பிரான்சுல பட்டுப்புழு எல்லாம் செத்து விவசாயிங்க கதறுனப்ப கவர்மெண்டு அவர அனுப்பி வச்சுது, அஞ்சு வருசம் ஆலெஸ்ங்கற ஊருல புழுவோட கெடந்து இத கண்டுபுடிச்சாரு. நூத்தைம்பது வருசம் தாண்டி இன்னைக்கும் என் ஷெட்டுக்கு வர முட்டை அந்த மனுசன் சொன்ன வழியிலதான் வருது.

நான் முட்டை தயாரிக்கற இடத்துக்கே போயி கேட்டேன், ஒரு தடவ பாக்கலாமான்னு. அங்க இருந்தவரு, "வாங்கக்கா, இதுல என்ன இருக்கு"ன்னு எடம் விட்டாரு. அவங்க பாக்கறது 600 மடங்குல, மேல பதினஞ்சு லென்சு, கீழ நாப்பது, நம்ம வீட்டுல இருக்கற அதே நாப்பதாம் நம்பர்தான். நெறைய துண்டு துணுக்கு, செதிலு, கொழுப்பு உருண்டை. நான் தேடி தேடி பாத்துட்டு ஒண்ணும் தெரியலீங்களேன்னேன். "தெரியலன்னாத்தான் உங்களுக்கு முட்டை"ன்னாரு.

நோயி வந்த புழுவ வீட்டுலயும் பாத்தோம். ஒடம்பு உப்பி, தோலு பளபளன்னு ஆகி, குத்துனா பால் மாதிரி ஒழுகுமே, அந்த பால்புழு. ஒரு சொட்டு எடுத்து 400ல வச்சா மணல கொட்டுன மாதிரி ஆயிரக்கணக்குல மின்னுது, உத்துப்பாத்தா உருண்டை இல்ல, ஓரம் ஓரமா வெட்டுன மாதிரி, சிலது அறுகோணம். அது செல்லு இல்ல. வைரஸ் தன்னை சுத்தி கட்டிக்கற புரத படிகம் அது, உள்ள இருக்கற வைரஸ் இந்த மைக்ராஸ்கோப்புல எந்த காலத்துலயும் தெரியாது, அதுக்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பு வேணும். மழைக்காலத்துல புழு செத்து சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெறைச்சு வெள்ளையா போகுமே, அது பூஞ்சை. அந்த வெள்ளைய தொட்டு வச்சா நூலு நூலா கொடி ஓடி அதுல பொடிப்பொடியா விதை. கண்ணுக்கு தெரியாத உசுரு ஒரு பிராணிக்கு நோய கொண்டு வரும்னு உலகத்துலயே மொதல்ல நிரூபிச்சது இந்த நோயிலதான், இத்தாலியில அகஸ்டினோ பாசி, 1835ல, பாஸ்டருக்கும் முன்னாடி. ஆக வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை, பெப்ரின், புழுவோட சொந்த செல்லு, அது திங்கற மல்பெரி எலையோட செல்லு, பாப்பா புக்குல படிக்கறதெல்லாம் எங்க ஷெட்ட சுத்தியே இருந்துருக்கு. நான் இத்தன வருசமா வெறுங்கண்ணால பாத்து இது சூடு, இது பனின்னு சொல்லிட்டு இருந்தேன். ஒண்ணு சொல்லிடறேன், வீட்டுல நீங்களா பாத்து இன்ன நோயின்னு முடிவு பண்ணி மருந்து அடிக்காதீங்க, பட்டு வளர்ச்சி துறை ஆளுங்ககிட்ட காட்டுங்க. பாத்த ஸ்லைட பிளீச்சிங் தண்ணில போட்டு வைங்க.

இன்னொன்னும் சொல்லணும். மைக்ராஸ்கோப்பு வந்தது தெரிஞ்சதும் பக்கத்து வீட்டு பெரியப்பா ஒரு சொம்புல போர் தண்ணி எடுத்துட்டு வந்தாரு, "இதுல புளோரைடு இருக்குதா பாரும்மா"ன்னு. அவருக்கு முட்டி மடங்காது, பல்லெல்லாம் பழுப்பு, நம்ம தருமபுரி கிருஷ்ணகிரி மாவட்டத்துல இது எத்தன வீட்டுல இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், ஒகேனக்கல் தண்ணி திட்டம் வந்ததே இதுக்காகத்தான். அவருகிட்ட அது தெரியாது பெரியப்பான்னு சொல்றப்ப எனக்கு கஷ்டமா போச்சு. புளோரைடு தண்ணில உப்பு மாதிரி கரைஞ்சு கெடக்கறது, எந்த மைக்ராஸ்கோப்புலயும் தெரியாது, தண்ணி டெஸ்டு பண்ற லேபுலதான் தெரியும். மைக்ராஸ்கோப்புல சுத்தமா தெரியற தண்ணி குடிக்க நல்ல தண்ணின்னு யாரும் நெனச்சிடக் கூடாது.

இப்ப குறை. பெரிய திருகு மூணாம் மாசமே லூசாகி, விட்டா மேடை தானா கீழ எறங்க ஆரம்பிச்சிடுச்சு, ஃபோகஸ் நிக்கல. கடைக்கு போன் பண்ணேன், ரெண்டு பக்க திருகையும் ரெண்டு கையில புடிச்சு எதிரெதிரா இறுக்க சொன்னாரு, சரியாயிடுச்சு, ஆனா இத எழுதி ஒரு தாள் பெட்டியில வச்சிருக்கலாம். ஸ்லைடு புடிக்கற கிளிப்பு ரொம்ப டைட்டு, ரெண்டு கவர்ஸ்லிப்பு ஒடைஞ்சுது. ஸ்லைட நகத்தறதுக்கு திருகு வச்ச மேடை இதுல இல்ல, விரலாலதான் தள்ளணும், நாப்பதுல ஒரு நூலளவு தள்ளுனாலும் படம் ஓடிப்போயிடும், இன்னும் ஆயிரம் ரூபா போட்டு மேடையோட இருக்கற மாடல வாங்கியிருக்கலாம்னு இப்ப தோணுது. நாப்பதாம் நம்பர் லென்சு ஸ்லைடுக்கு அரை மில்லிமீட்டர் கிட்ட வந்துடும், அதுல பெரிய திருக தொடவே கூடாது, எப்பவும் நாலுல ஆரம்பிச்சு பத்துக்கு போயி அப்புறம்தான் நாப்பது. ஐப்பசி மழையில லென்சுல சிலந்தி வலை மாதிரி பூஞ்சை வந்துடுச்சு, நல்லவேளை மேல் லென்சுதான், கடையில தொடைச்சு குடுத்தாரு, காசு வாங்கல. இப்ப மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல, செருப்பு பெட்டில வர சிலிக்கா பொட்டலம் நாலு போட்டு வச்சிருக்கேன்.

யாரு வாங்கலாம்னு கேட்டா, ஒம்போதாவதுக்கு மேல படிக்கற புள்ளைங்க இருக்கற வீடு, ரெண்டு மூணு வீடு சேந்து வாங்குனா கூட சரிதான், ஒரு தெருவுக்கு ஒண்ணு போதும். அவ்ளோ காசு இல்லாட்டி பிளாஸ்டிக் பொம்மைய வாங்கி புள்ளைங்க மனச ஒடைக்காதீங்க, ஃபோல்ட்ஸ்கோப்புன்னு பேப்பர்ல மடிச்சு செய்யற ஒண்ணு இருக்கு, ஸ்டான்ஃபோர்டுல மனு பிரகாஷ்னு நம்ம நாட்டுக்காரரு குழு செஞ்சது, 140 மடங்குதான் ஆனா உள்ள இருக்கறது நெஜமான கண்ணாடி உருண்டை லென்சு, வெங்காயம், எலைத்துளை, கன்னத்து செல்லு எல்லாம் அதுலயே தெரியும். பாப்பாவோட ஸ்கூல்ல ஒரு டீச்சர் வச்சிருக்காங்க, நானே பாத்தேன்.

வாங்கறதுக்கு முன்னாடி நேர்ல பாக்கணும்னா பாலக்கோடு பக்கம் இருக்கறவங்க ஞாயித்துக்கெழமை மதியம் வீட்டுக்கு வாங்க, வெங்காயம் தக்காளி நம்ம வீட்டுலயே இருக்கு. புழு இப்ப நாலாவது தோலு உரிச்சு எந்திரிச்சிருக்கு, அதனால ஷெட்டு பக்கம் யாரையும் விட மாட்டேன், மைக்ராஸ்கோப்பு திண்ணையிலதான் இருக்கும். உங்க ஷெட்டுல நோயி வந்த புழு இருந்தா தயவு செஞ்சு டப்பாவுல போட்டு எங்க வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடாதீங்க.